மணிக்கு ஒரு விரற்கடை கீழே

மதுரையிலிருந்து சோழவந்தான் போகிற ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் ஜலீலின் ஜட்கா குதிரைக்கு நேரில் தெரியும். ஒன்றையும் விட்டுவிடாமல் இறங்கி, நலம் விசாரித்து, ஏறி வந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் போடா. வாயில வெத்தலை இருக்கு, முழுங்கித் தொலைச்சிருவேன்" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாள்.

ரெங்கம்மாளைத் தெரியாதவர்கள் மதுரையில் இரண்டே வகைதான். இன்னும் பிறக்காதவர்கள், இன்னும் திருடாதவர்கள். பெண்கள் ஜெயிலில் வார்டராக இருந்து ஓய்வு வாங்கியவள். அவள் முன்னால் பொய் சொன்னால் சொன்னவனுக்கு விக்கல் எடுக்கும் என்று ஊரில் பேச்சு. ஜெயிலை விட்டு வந்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறிய ஆரம்பித்தாள். ஜலீல் அவளுக்கு வண்டிக்காரன், உதவியாள், அவனே சொல்லிக்கொள்வதுபோல் மூளையில் முக்கால் பங்கு.

"அக்கா, இன்னொரு வாட்டி சொல்லுங்க. இரும்பு வளருதா?"

"வளருதாம்."

"ஒரம் கிரம் வைக்கிறாகளா? இல்ல, வாரம் ஒருக்கா தண்ணி பாச்சுறாகளா?"

"வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டு. ஒரு பொம்பளைக்குக் கெணறு போகப்போகுது."

விஷயம் இதுதான். வெள்ளிக்கரடு என்ற ஊரில் ஒச்சாயி என்றொருத்தி. புருஷன் போன பிறகு கொடிக்காலைத் தனியாளாக நடத்தி, சோழவந்தான் சந்தையே மணக்கிற மாதிரி வெற்றிலை விளைவித்தவள். அந்தக் கொடிக்காலுக்கு உயிர் ஒரே ஒரு கிணறு. நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் வெற்றிலைக் கொடி அப்பளமாகிவிடும். கிணற்றின்மேல் கொழுந்தன் நல்லகாமனுக்கு ஒரு கண். கண் என்றால் சாதாரணக் கண் இல்லை, தூங்கும்போதுகூட மூடாத கண்.

ஊர்ச் சச்சரவெல்லாம் அங்கே கருப்பன் கோயிலில்தான் தீரும். தை பிறப்பதற்கு முன்பு அங்கே வைத்துப் பேச்சு முற்றியபோது, ஒச்சாயி ஆத்திரத்தில் சாமி முன்னால் நட்டிருந்த பெரிய அரிவாளைக் காட்டிச் சொல்லிவிட்டாள். "மாசிக் களரித் திருவிழா முடியறதுக்குள்ள இந்த இரும்பு வளந்து மேல தொங்குற மணியில முட்டட்டும். அன்னைக்குத் தாரேன்யா கெணத்தை!"

கேட்டவர்கள் சிரித்தார்கள். கருப்பன் முன்னால் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அந்த மண்ணில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரும்பு எங்கே வளரப்போகிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை வளர்ந்திருந்தது.

அதற்கடுத்த வெள்ளியும், அப்படியே வாராவாரமும் வளர்ந்தது. இப்போது மணிக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. நாளை மறுநாள் மாசிக் களரி. ஒச்சாயி ஒரு கவுளி வெற்றிலையைக் கொண்டுவந்து ரெங்கம்மாள் மடியில் வைத்து, "அக்கா, கருப்பனே கேட்டா குடுத்துருவேன். வேற எவனும் கேட்டா குடுக்க மாட்டேன். கேக்குறது யாருன்னு மட்டும் கண்டு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கோயிலில் திருவிழாக் கூட்டம். போன மார்கழிவரை, வழக்குப் பேச வருகிறவர்களைத் தவிர, காக்காய்கூட எட்டிப் பார்க்காத கோயில் அது. இப்போது திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள். பனங்கிழங்கு விற்பவள், ராட்டினக்காரன், பல் பிடுங்குகிறவன் எல்லாரும் கடை போட்டாயிற்று.

கல் பீடத்தில் நட்டிருந்தது அரிவாள். இரண்டு ஆள் உயரம். மேலே கல் வளைவில் வெண்கல மணி. அரிவாளின் பழைய பாகம் வழவழவென்று இருந்தது. மேல்முழம் மட்டும் எண்ணெயும் கரியும் அப்பிக் கறுத்திருந்தது. ரெங்கம்மாள் சேலைத் தலைப்பால் நெற்றியை மறைத்துக்கொண்டு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா தெரியுது?"

"முறுக்கு."

"பசிக்குதாக்கா?"

"நல்லாப் பாருடா. கீழ இருக்கிற இரும்பு ஒரே தகடு. மேல இருக்கிறது வரி வரியா, முறுக்கைப் பிழிஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குன மாதிரி இருக்கு."

பூசாரி கருத்தக்கண்ணன் திருநீற்றுத் தட்டோடு வந்தான். முப்பது வயசு இருக்கும். அப்பன் இறந்து பூசை முறை கைக்கு வந்ததும் போன வருஷம்தான் மதுரையிலிருந்து ஊர் திரும்பியவன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி பொட்டுப் பொட்டாய்த் தழும்பு.

"கையில என்ன பூசாரி?" என்றான் ஜலீல்.

"தீச்சட்டி எடுத்ததுண்ணே."

"கருப்பன் எறங்குனதை யாராச்சும் பாத்திருக்காகளா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"நான் பாத்தேன்த்தா! ஒங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம்தான். வியாழக்கிழமை ராத்திரி குதிரை வார சத்தம் கேக்கும். ஊரே கதவைச் சாத்திக்கிரும். அப்புறம் நீலமா ஒரு வெளிச்சம். ஆயிரம் மின்னலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. கண்ணெடுக்காமப் பாத்தேன்." சொல்லும்போது அவன் கண்கள் நுங்குபோலப் பளபளத்தன.

திருநீற்றோடு கூட ஒரு கறுப்புச் சில்லையும் கையில் போட்டான். கண்ணாடிபோல மினுமினுத்த சின்னத் துண்டு. "கருப்பன் செதிலு. அரிவாள் வளந்த மறுநாள் பீடத்தைச் சுத்திக் கெடக்கும். தாயத்துல வச்சுக் கட்டிக்கங்க."

வெளியே வந்தால் ஒச்சாயி காத்திருந்தாள். அவள் கையிலும் தாயத்து. பக்கத்திலேயே, மீசையைத் தடவியபடி நல்லகாமன். அவன் கண்களைப் பார்த்ததும் ஜலீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் பழுத்த மிளகாய். இமை வீங்கி, தண்ணீர் தாரையாய் வழிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே கண்ணுல?"

"தூசி" என்று சொல்லி நல்லகாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மதினி, களரியன்னைக்கு ஏத்தக் கயித்தையும் சேத்துக் குடுத்துருங்க. நான் புதுசு வாங்க வேண்டியதில்லைல்ல?"

"கயிறு வேணும்னா இப்பவே தாரேன் கொழுந்தனாரே. எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றாள் ஒச்சாயி.

கோயிலின் பின்பக்கம் முள்வேலியோரம் வண்டித் தடம் ஆழமாய்ப் பதிந்திருந்தது. ரெங்கம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். ஜலீலின் மூக்கில் வைத்தாள்.

"மண்ணெண்ணெய்!"

"கருப்பன் குதிரை கொள்ளுத் திங்காது போலருக்கு. வா, செல்லூருக்குப் போவோம்."

மதுரைச் செல்லூரில் தறிச் சத்தம் நின்றால் குழந்தைகள் தூக்கத்திலிருந்து அலறி எழுந்துவிடும். அந்தச் சத்தத்தையும் அமுக்குகிற மாதிரி ஒரு பட்டறை. முதலாளி முத்திருளன். அவன் தொண்டை இருந்தால் ஆலைக்குச் சங்கு தேவையில்லை.

"மாப்ள ஜலீலு! வாய்யா! குதிரைக்கு லாடமா?"

"இல்ல மாமா. இரும்பு வளருமான்னு கேக்க வந்தோம்."

சிரிப்பான் என்று ஜலீல் நினைத்தான். முத்திருளன் சிரிக்கவில்லை. "வளருமாவா? என்கிட்ட வளராத இரும்பு எது? சண்டை வந்ததுலருந்து சீமையிலருந்து ஒரு ஆணிகூட கப்பல்ல வரலை. ஆலைக்காரன் பல்சக்கரத்துல பல்லு போச்சுன்னு அழுதுக்கிட்டு வாரான். புதுச் சக்கரத்துக்கு எங்க போவான்? நான் வளத்துக் குடுக்கிறேன்."

ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒரு பல் மட்டும் வரி வரியாக இருந்தது. கரண்டு விட்ட இரும்புக் குச்சியை இரும்பில் தொட்டு எடுத்தால் சுடர் பிடிக்கும், குச்சி உருகி ஒரு வரியாக ஒட்டும், அது ஆறினதும் அதன்மேல் இன்னொரு வரி. இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் இல்லாத பல் முளைத்துவிடும். பிறகு அரத்தால் தேய்த்தால் சீமைக்காரனே மாமனார் வீட்டுச் சாமான் என்று எடுத்துக்கொண்டு போவானாம். பெருமை தாங்காமல் அலமாரியிலிருந்து ஒரு சேவலையும் எடுத்துக் காட்டினான். கொண்டை, வால், கால் நகம் எல்லாம் குச்சி உருகின இரும்பு மட்டும்தான். அச்சுமில்லை, வார்ப்புமில்லை. விடிகாலையில் அது கூவும் என்றுகூடச் சொல்லியிருப்பான். ரெங்கம்மாள் எதிரே இருந்ததால் விக்கலுக்குப் பயந்து விட்டுவிட்டான்.

ஜலீல் தரையைப் பார்த்தான். "யக்கா! இங்க பாருங்க!"

தரை முழுக்கக் கருப்பன் செதில். துடைப்பத்தால் கூட்டி மூலையில் குவித்து வைத்திருந்தார்கள்.

"அது கசடுய்யா. வரி மேல ஏடு மாதிரி படியும், தட்டுனா உதிரும். குப்பை" என்றான் முத்திருளன்.

"வெள்ளிக்கரட்டுல அதைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியுறாக" என்றான் ஜலீல். "மாமா, நீ குப்பைமேல ஒக்காந்திருக்கியா, கோயில்மேல ஒக்காந்திருக்கியான்னே தெரியலையே!"

"முத்திருளா, கரண்டு இல்லாத ஊருல இதைச் செய்ய முடியுமா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"அதுக்குத்தான் எஞ்சின் வண்டி இருக்கே." வெளியே ஒரு கட்டை வண்டி நின்றது. அதன்மேல் மண்ணெண்ணெய் எஞ்சின், அதோடு கோத்த டைனமோ. "ஓட விட்டா டுபுடுபுடுபுன்னு நாலு குதிரை ஓடுற மாதிரி கேக்கும். கரும்பாலை ரிப்பேருக்குன்னு வியாழக்கிழமை தோறும் என் பழைய தொழிலாளி ஒருத்தன் கொண்டுபோறான். தங்கமான கை."

ஜலீல் துள்ளினான். பேரைக் கேட்க வாயைத் திறந்தவனை ரெங்கம்மாள் காலை மிதித்து நிறுத்தினாள். அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"வேலை செய்யும்போது தப்பு வந்தா என்ன ஆகும்?"

"ரெண்டு தப்புதான் பெருசு. ஒண்ணு, ஒரே பக்கமா வரி போட்டுக்கிட்டே போனா இரும்பு ஆறும்போது அந்தப் பக்கமா இழுத்துக்கிரும். பூனை வாலு மாதிரி வளைஞ்சு நிக்கும். அதனால மாத்தி மாத்திப் போடணும். ரெண்டாவது கண்ணு. இந்தக் கறுப்புக் கண்ணாடி இல்லாம அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால பாத்தா, அப்ப ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு மணி நேரம் கழிச்சுக் கண்ணுல ஆத்து மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்."

ஜலீல் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "பழுத்த மிளகாய்! ஆள் சிக்கிட்டான்க்கா! நல்லகாமன்தான்!"

ரெங்கம்மாள் வெற்றிலையைக் கன்னத்தின் இன்னொரு பக்கம் மாற்றினாள். போகும்போது முத்திருளனிடம், "களரியன்னைக்கு எஞ்சின் வண்டியோட வெள்ளிக்கரட்டுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னாள்.

களரியன்று வெள்ளிக்கரட்டில் எள் போட்டால் எண்ணெயாகித்தான் விழும். உச்சி வெயில். நடுவில் ஒச்சாயி, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தோற்றால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுவாள், அழ மாட்டாள் என்று அவள் நின்ற நிலையே சொன்னது. அதைப் பார்த்ததும் ஜலீலால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான்.

"ஊர்க்காரகளே! இரும்பு தன்னால வளரலை! செல்லூருலருந்து எஞ்சின் கொண்டாந்து வளத்திருக்காக! வளத்தவன் கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்திருக்குன்னு! இந்த நல்லகாமன்தான்!"

கூட்டம் உறுமியது. நல்லகாமன் முகம் கறுத்தது. விறுவிறுவென்று பீடத்தில் ஏறி, அரிவாளைக் கையால் பற்றினான்.

"இது கருப்பன் மேல ஆணை. இந்த இரும்பை நான் வளக்கலை. வளக்கச் சொல்லவுமில்லை. கெணறு எனக்கு வருதான்னு ஆசையில வேலி மறைவுல நின்னு அந்த வெளிச்சத்தைப் பாத்தேன். ஆளு தெரியலை. பாத்ததுக்குத்தான் கண்ணு போச்சு."

அந்த அரிவாளைத் தொட்டுப் பொய் சொல்ல அந்த ஊரில் ஒருத்தனுக்கும் துணிச்சல் கிடையாது. நல்லகாமன் கிணற்றுக்கு ஆசைப்படுவான், கயிற்றுக்கு ஆசைப்படுவான், கருப்பனிடம் மட்டும் விளையாட மாட்டான். ஜலீலுக்குத் தரை பிளந்து தன்னை மட்டும் விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அவசரக்காரா" என்றபடி ரெங்கம்மாள் வந்தாள். "முத்திருளன் என்ன சொன்னான்? வெறுங்கண்ணால பாத்தவனுக்குத்தான் கண்ணு போகும். கண்ணு செவந்தவன் எட்டிப் பாத்தவன்டா. வேலை செஞ்சவன் கையில கறுப்புக் கண்ணாடி இருக்கும். அவன் கண்ணு எப்படி இருக்கும்?"

ஜலீலின் மண்டைக்குள் பளபளவென்று ஒரு நுங்கு உருண்டது.

"பக்கத்துல நின்னு, கண்ணெடுக்காமப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். அவன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை" என்று ரெங்கம்மாள் திரும்பினாள். "தீச்சட்டி எடுத்தா உள்ளங்கை சுடும். உனக்கு மட்டும் முழங்கை வரைக்கும் தெறிச்சிருக்கு. கண்ணாடியை எங்க வச்சிருக்க, கருத்தக்கண்ணா?"

பூசாரியின் கண் ஒரு நொடி திருநீற்றுக் கொப்பரைக்குப் போய்த் திரும்பியது. ரெங்கம்மாள் அதற்குள் கைவிட்டாள். திருநீற்றுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் கறுப்புக் கண்ணாடி வந்தது. வண்டியோரம் நின்ற முத்திருளன், "அடப்பாவி, என் கண்ணாடி!" என்று கத்தினான்.

பூசாரி பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். "ஆத்தா ஒச்சாயி, மன்னிச்சிரு. பட்டறையை விட்டுட்டு முறைன்னு இங்க வந்தேன். வெளக்குக்கு எண்ணெய் ஊத்தக்கூட நாதியில்லை. சாமி கூரையில வவ்வாலு. நீ அரிவாளைக் காட்டிச் சொன்னதை ஊரே கேட்டுச்சு. கொஞ்சம் வளந்தா நாலு பேரு வருவாகன்னு நெனச்சேன். ஒரு விரக்கடை இருக்கையில நிப்பாட்டிரணும்னுதான் இருந்தேன். ஒன் கெணத்து மேல சத்தியமா…"

"என் கெணத்தை விடு" என்றாள் ஒச்சாயி.

கதை முடிந்தது என்று ஜலீல் மூச்சுவிட்டான். அதற்குள் நல்லகாமன் பீடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"இருங்கப்பா. யாரு வளத்தா என்ன? இரும்பு வளந்து மணியில முட்டுனா கெணறுன்னுதானே சொன்னாக? கருப்பன் வளக்கணும்னு மதினி சொல்லலையே? களரி மாலையைச் சாமி கழுத்துலருந்து இன்னும் எறக்கலை, களரி முடியலை. மிச்சம் ஒரு விரக்கடையையும் வளக்கச் சொல்லுங்க."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். ஒச்சாயி உதட்டைக் கடித்துக்கொண்டு, "வளக்கட்டும்" என்றாள்.

"சரியான பேச்சு" என்றாள் ரெங்கம்மாள். ஜலீல் அவளைத் திகைத்துப் பார்த்தான். "பட்டப்பகல்ல, எல்லாரு முன்னாலயும் வளக்கட்டும். முட்டுனா கெணறு அவருக்கு. முட்டலைன்னா இந்தப் பேச்சு இன்னையோட முடிஞ்சது. சம்மதமா?"

"சம்மதம்!" நல்லகாமனுக்கு வாயெல்லாம் பல்.

எஞ்சின் வண்டியைப் பீடத்தருகே தள்ளினார்கள். ரெங்கம்மாள் பூசாரியிடம் திருநீறு வாங்குகிற சாக்கில் குனிந்து ஏதோ சொன்னாள். ஜலீலின் காதில் விழுந்தது பாதிதான். "…முதுகுப் பக்கமே… மாத்தாதே."

பிறகு உரக்கச் சொன்னாள். "நுனி ஒல்லியா இருக்கு. முதல்ல அரிவா முதுகுல கொஞ்சம் சதை போடு. அப்புறம் உச்சிக்குப் போ. எல்லாரும் திரும்பி நில்லுங்க! கண்ணு வேணும்ங்கிறவுக திரும்பிக்கங்க!"

பூசாரி கறுப்புக் கண்ணாடியோடு வண்டிமேல் ஏறினான். ஊரே சாமிக்கு முதுகைக் காட்டி நின்றது. எஞ்சின் குதிரை டுபுடுபுவென்று ஓடியது. வெயிலையே மங்கவைக்கிற நீலம் எல்லார் முதுகிலும் அடித்தது. ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் நல்லகாமன் மட்டும் திரும்பவில்லை. இமைக்காமல் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரிவாள் சூட்டில் விம்மியது. நுனி மணியை நோக்கி நிமிர்ந்தது. மயிரிழைதான் பாக்கி.

"முட்டப்போகுது! முட்டப்போகுது!" என்று கூவினான் நல்லகாமன்.

எஞ்சின் நின்றது. கொண்டுவந்த குச்சி அத்தனையும் தீர்ந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். சிவந்திருந்த இரும்பு மெல்ல மெல்லக் கறுத்தது. ஆறியது. ஆற ஆற, முதுகில் போட்ட வரிகளெல்லாம் சேர்ந்து இழுத்தன. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த நுனி மணியை விட்டு விலகி, விலகி, பின்பக்கமாய்ச் சாய்ந்து, நல்லகாமனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒரு கிழவி குலவை போட்டாள். "கருப்பன் மாட்டேன்னு தலையாட்டிட்டான்டீ!"

அவ்வளவுதான். எஞ்சினைப் பார்த்தவர்கள், கண்ணாடியைப் பார்த்தவர்கள், பூசாரி வாயால் கேட்டவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போட்டவர்களில் நல்லகாமனும் ஒருவன். பெரியவர் ஒருவர் களரி மாலையை இறக்கினார். ஒச்சாயி தோளிலிருந்த கயிற்றை இறக்கவேயில்லை. அப்படியே கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள். அவள் போன பிறகும் பூசாரி தலை நிமிரவில்லை. தலையாட்டுகிற சாமியைப் பார்க்க அடுத்த வாரமே இரண்டு பங்கு கூட்டம் வரப்போகிறது என்பது பாவம் அவனுக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் ஜட்கா மதுரைக்குத் திரும்பியது. ரெங்கம்மாள் மடியில் இளந்தளிர் வெற்றிலை.

"அக்கா, லகானைக் கொஞ்சம் புடிங்க."

"ஏன்டா?"

"கண்ணுல ஏதோ… மணலு மாதிரி…"

ரெங்கம்மாள் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு கண் பழுத்த மிளகாய். மற்றது நுங்கு.

"திரும்பி நில்லுன்னு சொன்னேன்ல?"

"திரும்பினேன்க்கா" என்றான் ஜலீல். "ஒரு கண்ணு மட்டும் கேக்கலை."